எரித்த கரி எங்கே போயிற்று?

"இந்த வருஷம் மாதிரி வெயிலை நான் பார்த்ததே இல்லை" என்று யாராவது சொல்லாத மே மாதம் நம் ஆசன்சோலில் இருந்ததில்லை. திருச்சியில் டிப்ளமா முடித்து, இரயில்வே உத்தியோகத்திற்காக 1982-ல் நான் இங்கு வந்து இறங்கிய கோடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போதும் சொல்கிறார்கள். ஆகவே, பூமி சூடாகிறதா என்பதை நம் முதுகில் வழியும் வியர்வையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இன்று அடிக்கும் வெயிலும் நாளை பெய்யும் மழையும் வானிலை. முப்பது வருஷத்து வெயிலையும் மழையையும் கூட்டிச் சராசரி பார்த்தால் கிடைப்பது தட்பவெப்பநிலை. நம் பெரியவர்கள் சீதோஷ்ணம் என்று சொன்னது இதைத்தான். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

சங்கத்துக் கூட்டங்களில் பேச்சு வெயிலைப் பற்றித் திரும்பும்போதெல்லாம், "எல்லாம் நிலக்கரியால்தான் என்கிறார்களே, நீங்கள் லோகோ ஷெட்டில் கரியோடு காலம் தள்ளியவர், இது நிஜமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி நமக்குச் சாதாரணமானதல்ல. நிலக்கரிச் சுரங்கம், இரும்பாலை, அனல்மின் நிலையம், இரயில்வே, இந்த நான்கில் ஒன்றிலும் சம்பளம் வாங்காத குடும்பம் நம் சங்கத்தில் குறைவு. இந்தியாவில் நிலக்கரி தோண்டும் தொழில் 1774-ல் தொடங்கியதே நம் ராணிகஞ்சில்தான். ஆகையால் கோபதாபம் இல்லாமல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில், ஓர் ஊரின் தட்பவெப்பநிலையை எது நிர்ணயிக்கிறது? சூரியன் எவ்வளவு செங்குத்தாகக் காய்கிறது என்பது முதல் காரணம். ஆனால் அது மட்டுமே என்றால் கடகரேகை போகும் ஊர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அந்த ரேகை நம் ஊருக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் செல்கிறது. அதே ரேகை ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்தின் நடுவே போகிறது. அங்கே மணல், இங்கே நெல்வயல். பூமத்திய ரேகைப் பக்கம் மேலெழும்பி, மழையாய்க் கொட்டித் தீர்த்த காற்று, வறண்டுபோய் இந்த அட்சரேகைகளில்தான் கீழே இறங்குகிறது. சஹாரா பாலைவனமானதற்கு அதுவே காரணம். நமக்கோ தெற்கே ஒரு சமுத்திரமும் வடக்கே இமயமலையும் வாய்த்தன. கோடையில் நிலம் கொதித்துக் கடற்காற்றை உள்ளே இழுக்க, தென்மேற்குப் பருவமழை வந்து நம்மைக் காப்பாற்றுகிறது. உயரமும் ஒரு காரணம். சிலிகுரியில் விசிறி சுற்றும் நாளில் டார்ஜிலிங்கில் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

இவையெல்லாம் வெப்பத்தைப் பங்கு பிரிக்கும் ஏற்பாடுகள். மொத்த இருப்பு எவ்வளவு என்பது வேறு கணக்கு. அதற்கு எனக்குத் தெரிந்த பாய்லரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

சூரியனை நேரே பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டரில், வளிமண்டலத்தின் உச்சியில், 1,361 வாட் விழுகிறது. பூமி உருண்டை, பாதி எப்போதும் இருட்டில், ஓரங்களில் வெயில் சாய்வாக விழும். இதையெல்லாம் சேர்த்து நான்கால் வகுத்தால் சராசரி 340 வாட். இதில் நூற்றுக்கு முப்பது பங்கை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட் உள்ளே வருகிறது. வந்த அளவு வெளியே போனால்தான் கணக்கு நேராகும். 240 வாட்டை வெளியே விடும் ஒரு பொருளின் வெப்பநிலை என்ன என்று பௌதிகப் பாடத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வருகிறது. ஆனால் பூமியின் தரைமட்டச் சராசரி பூஜ்யத்துக்கு மேலே சுமார் 15 டிகிரி. இந்த 33 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நீராவி இன்ஜினைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பாய்லரின் கனத்த தகட்டின் மேல் லேகிங் என்று ஒரு போர்வை சுற்றி, அதன்மேல் மெல்லிய தகடு போர்த்தியிருப்போம். நம் டபிள்யூ.ஜி. இன்ஜினில் நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 200 டிகிரி. லேகிங் தானாக நெருப்பை உண்டாக்குவதில்லை. உள்ளே உண்டான வெப்பம் வெளியேறுவதை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. பூமிக்கு அந்த லேகிங் காற்றிலுள்ள சில வாயுக்கள். பாய்லருக்கு நெருப்பு உள்ளே, பூமிக்கு வெளியே என்ற வித்தியாசம் உண்டு. ஒளியாக வரும் வெயிலைக் காற்று தடுப்பதில்லை. தரை சூடாகித் திருப்பி அனுப்பும் வெப்பத்தைத்தான் தடுக்கிறது.

எல்லா வாயுவும் தடுப்பதில்லை. காற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. இரண்டும் இந்த விஷயத்தில் உபயோகமற்றவை. வெப்பக் கதிரைப் போகவிட்டுவிடும். 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடேறி, ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்தது. 1859-ல் தொடங்கி ஜான் டிண்டால் நுட்பமான கருவி கொண்டு இதையே அளந்தார். நீராவி, கரியமில வாயு, மீதேன் ஆகியவைதான் போர்வையின் இழைகள். கரியமில வாயு காற்றில் நூற்றுக்கு 0.04 பங்குதான். இத்தனூண்டு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், ஒரு குண்டான் சாம்பாரில் பெருங்காயம் எவ்வளவு போடுகிறார்கள் என்று வீட்டில் விசாரிக்கலாம். நீராவி அளவில் அதிகமானாலும் பத்து நாளுக்குள் மழையாகிக் கீழே வந்துவிடும். காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் ஏழு விழுக்காடு கூடும். ஆகவே கரியமில வாயு கொஞ்சம் சூட்டைக் கூட்டினால், நீராவி பின்னாலேயே வந்து அதை இன்னும் கூட்டுகிறது.

இப்போது கரிக் கணக்கு. சரக்கு வண்டி நெடுந்தூரம் ஓடிவர டபிள்யூ.ஜி. இன்ஜினுக்குப் பத்து டன் நிலக்கரி என்பது சர்வசாதாரணம். நல்ல கரியில் 60 விழுக்காடு கார்பன் என்று வைத்துக்கொண்டால் 6 டன். கார்பனின் அணு எடை 12. அது எரியும்போது 16 எடையுள்ள பிராணவாயு அணு இரண்டைச் சேர்த்துக்கொண்டு 44 ஆகிறது. அதாவது 6 டன் கார்பன் 22 டன் கரியமில வாயுவாகிறது. டெண்டரில் ஏற்றியது பத்து, புகைபோக்கியில் போனது இருபத்திரண்டு! எடை எப்படிக் கூடியது என்று திகைக்க வேண்டாம். 16 டன் பிராணவாயுவைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். சாம்பல்குழியில் நாங்கள் வாரிக் கொட்டியது எரியாமல் மிஞ்சிய மண்தான்.

இதில் ஒரு வேடிக்கை. புகைபோக்கியில் கரும்புகை வந்தால் ஃபயர்மேனுக்குத் திட்டு விழும். கரும்புகை என்றால் கரி சரியாக எரியவில்லை, வீணாகிறது என்று அர்த்தம். புகையே கண்ணுக்குத் தெரியாமல் எரிப்பவன்தான் கெட்டிக்காரன். நாம் இங்கே பேசும் வாயு அந்தக் கெட்டிக்காரன் விட்ட, நிறமும் வாசனையும் இல்லாத புகையில்தான் அதிகம்.

இந்தக் கணக்கை உலகம் முழுதுக்கும் முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஒரு நீராவி இன்ஜினியர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். கை ஸ்டூவர்ட் காலண்டர் என்று பெயர். இங்கிலாந்தில் நீராவியின் குணங்களை ஆராய்வது அவர் உத்தியோகம்; வானிலை அவருக்கு ஓய்வுநேர வேலை. உலகின் பல வானிலை நிலையங்களின் பதிவேடுகளைச் சேகரித்து, கையாலேயே கூட்டிப் பெருக்கி, 1938-ல் ராயல் வானிலைச் சங்கத்தின் முன் வைத்தார். கடந்த ஐம்பது வருஷத்தில் மனிதன் 15,000 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விட்டிருக்கிறான். அதே காலத்தில் உலகின் சூடு ஆண்டுக்கு 0.005 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது என்றார். அங்கிருந்த நிபுணர்கள் அவ்வளவாக நம்பவில்லை. 2013-ல் அந்தப் பழைய கணக்கை எடுத்து நவீன பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெப்பநிலை ஏற்றத்தை அவர் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லியிருந்தது தெரிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடேறுவது நல்லதுதான், வடதேசங்களில் பயிர் செழிக்கும், பனி யுகம் திரும்பி வராது என்றுதான் காலண்டர் நினைத்தார். குளிர்நாட்டுக்காரருக்கு அப்படித் தோன்றியது இயல்புதான்.

இன்றைய வரவு செலவைப் பார்ப்போம். பனிப்பாறைகளுக்குள் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது தெரிகிறது. எட்டு லட்சம் வருஷப் பழமையுள்ள பனியிலும் அது 300-ஐத் தாண்டவே இல்லை. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது 315. அதே இடத்தில் 2024-ன் சராசரி 424. ஒரு பங்கு கூட வேண்டுமானால் 780 கோடி டன் வாயு வேண்டும். 280-லிருந்து 424 வரை கூடியது 144 பங்கு. ஏறத்தாழ 1,12,000 கோடி டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் எரித்து 1850 முதல் மனிதன் வெளியிட்டதோ 1,75,000 கோடி டன்னுக்கும் மேல். கூடியிருப்பதைவிட விட்டது அதிகம்! ஆகவே எரிமலை உமிழ்ந்ததா, கடல் கக்கியதா என்று வேறு வரவைத் தேட வேண்டியதில்லை. மீதி எங்கே செலவாயிற்று என்பதுதான் கேள்வி. கடல் ஒரு பங்கைக் கரைத்துக்கொண்டது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை குறைந்து வருகிறது. காடுகளும் மண்ணும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டன. ஆண்டுதோறும் நாம் விடுவதில் ஏறக்குறைய பாதி காற்றிலேயே தங்குகிறது.

எரிமலை என்றதும் ஞாபகம் வருகிறது. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு, மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினதுபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தகத் தூசி வெயிலை மறைத்து, உலகத்தை இரண்டு வருஷம் அரை டிகிரி அளவுக்குக் குளிரத்தான் செய்தது.

காற்றில் கூடியது நம் கரிதான் என்பதற்கு அடையாள முத்திரையும் இருக்கிறது. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும். 5,730 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். ராணிகஞ்ச் நிலக்கரியின் வயது 25 கோடி வருஷத்துக்கும் மேல். அதில் கார்பன்-14 எப்போதோ தீர்ந்துவிட்டது. காற்றில் பழங்கரி கலந்தால் கார்பன்-14-ன் விகிதம் குறைய வேண்டும். ஹான்ஸ் சூயஸ் என்ற விஞ்ஞானி மர வளையங்களில் அந்தக் குறைவை அளந்து 1955-ல் வெளியிட்டார்.

சரி, கரியமில வாயு கூடியது, சூடும் கூடியது. சூரியனே அதிகமாகக் காய்ந்திருந்தால்? நியாயமான கேள்வி. நான் ஷெட்டில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பதில் இதற்குத்தான். ஒரு பாய்லரின் உள்ளே சூடு ஏறிவிட்டது என்று வையுங்கள். நெருப்பைக் கூட்டியதால் ஏறியதா, லேகிங்கைத் தடிமனாக்கியதால் ஏறியதா? வெளித் தகட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். நெருப்பு கூடியிருந்தால் உள்ளும் புறமும் சுடும். லேகிங் கூடியிருந்தால் உள்ளே சுடும், வெளித் தகடு முன்னைவிட ஆறியிருக்கும். பூமியின் வெளித் தகடு, தரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேலே உள்ள காற்றடுக்கு. சூரியன் காரணமென்றால் அதுவும் சூடேறியிருக்க வேண்டும். பலூன்களும் செயற்கைக் கோள்களும் பல வருஷமாக அளந்து சொல்வது, அந்த அடுக்கு குளிர்ந்துகொண்டு வருகிறது என்பதை. ஓசோன் குறைந்தது அதில் ஒரு பகுதிக்குக் காரணம். அதைக் கழித்தாலும் மீதம் இருக்கிறது. கரியமில வாயு கூடினால் கீழே சுட்டு மேலே குளிரும் என்று சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் இருவரும் 1967-லேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். மனாபேவுக்கு 2021-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தவிர, 1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரியனையே நேரடியாக அளந்து வருகின்றன. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சற்று ஏறி இறங்குகிறதே ஒழிய, தொடர்ந்து ஏறவில்லை.

இத்தனை அடுப்பும் உலையும் எரிகிறதே, அந்த நெருப்பின் சூடே உலகத்தைச் சுடுகிறதோ என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. இல்லை. உலகில் மனிதன் பயன்படுத்தும் எரிசக்தி அனைத்தையும் பூமியின் பரப்பில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட் தேறும். கூடியிருக்கும் கரியமில வாயு தடுக்கும் வெப்பமோ 2 வாட்டுக்கு மேல். நெருப்பு அன்றே அணைந்துவிடுகிறது. அது விட்டுச் சென்ற லேகிங், அதில் ஒரு பங்கு, பல நூறு வருஷம் இருக்கும். 1855-ல் ஹௌராவிலிருந்து ராணிகஞ்சுக்கு இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் எரித்த கரியின் பங்கும் இன்றைய 424-ல் இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரிச் சூடு 0.7 டிகிரி கூடியது. உலகச் சராசரி ஏற்றம் இதைவிட அதிகம். நாம் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. நம் அனல்மின் நிலையங்களும் செங்கல் சூளைகளும் விடும் தூசியும் கந்தகப் புகையும் வெயிலின் ஒரு பகுதியை மறைத்துக் குடை பிடிக்கின்றன. அந்தக் குடை நம் நுரையீரலைக் கெடுக்கும் குடை. நாளைக்கே புகையைச் சுத்தம் செய்தாலும் சில வாரத்தில் விலகிவிடும். கரியமில வாயு விலகாது. புகை அடங்கியபின்தான் மறைந்திருந்த சூடு தெரியவரும்.

0.7 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். கோடையில் காற்று 44 டிகிரி என்றால் தண்டவாளம் 60-ஐத் தாண்டும். பற்றவைத்த நீளத் தண்டவாளம் வெப்பத்தில் நெளிந்துவிடாமலிருக்க, உச்சி வெயிலில் ஊழியர்கள் நடந்தே ரோந்து போவார்கள். சராசரி கொஞ்சம் நகர்ந்தால் 40 டிகிரி நாட்கள் சில கூடும். 44 டிகிரி நாட்களோ பல மடங்கு கூடும். அதை முதலில் உணர்பவன் அந்த ரோந்துக்காரன்தான், ஆபீசில் விசிறிக்குக் கீழே இருப்பவரல்ல.

நீராவி இன்ஜின் போய்விட்டதே என்று கேட்கலாம். போனது நல்லதே. கரியின் நூறு பங்கு வெப்பத்தில் ஆறோ ஏழோதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அனல்மின் நிலையத்தில் முப்பதுக்கு மேல் மின்சாரமாகிறது. ஆனால் நம் நாட்டின் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்து வருவது. கரி எரியும் இடம் இன்ஜினிலிருந்து மின் நிலையத்துக்கு மாறியிருக்கிறது. 2024-25-ல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. இரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் பாதி நிலக்கரி. இரயில் டிக்கெட்டில் "பயணச் செலவில் 57 விழுக்காடுதான் கட்டணமாக வசூலாகிறது" என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மீதியை ஈடுகட்டுவது பெரும்பாலும் சரக்கு வருமானம். நாம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் டிக்கெட்டிலும், என் பென்ஷனிலும் கரி இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் நாளைக்கே சுரங்கத்தை மூடு என்று எழுதும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு இந்தியனுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு என்றால் ஒரு அமெரிக்கனுக்கு 14 டன். அதற்காக 44-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் விடை நமக்கென்று மாறிவிடாது. ஜாரியாவில் 1916 முதல் பூமிக்கடியில் எரியும் தீ, ஒரு பைசா வருமானமில்லாமல் அதே வாயுவைத்தான் விடுகிறது.

போன மாதம் சங்கத்து நண்பர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனுக்கு வயது பதினெட்டு. பாலிடெக்னிக்கில் சுரங்கப் பிரிவு எடுப்பதா, மின்சாரப் பிரிவா என்று யோசனை கேட்டார். இந்தியா 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்திருக்கிறது. இந்தப் பையன் அறுபதில் ஓய்வு பெற்றால் அது 2067. சுரங்கம் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் அவனுடைய சர்வீஸின் பின்பாதி, சுரங்கங்களை ஒவ்வொன்றாய் மணல் நிரப்பி மூடுகிற வேலையாக இருக்கலாம் என்றேன். மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும், அதை எடு என்றேன்.

"சார், சுரங்கத்தில் கொடுக்கிற சம்பளம் வேறு எங்கே கிடைக்கும்?" என்றார் நண்பர். அதற்கு என்னிடம் பதிலில்லை. அவர் சொன்னது இன்றைய நிலவரப்படி உண்மை. பையன்தான், "மாமா, ரெண்டையும் எழுதிடறேன்" என்று மின்சாரத்தை முதலாவதாகவும் சுரங்கத்தை இரண்டாவதாகவும் விண்ணப்பத்தில் குறித்தான். கலந்தாய்வு அடுத்த மாதம்.